எஃப்.டி. போடப் போன அம்மா பாலிசியோடு திரும்பிய கதை: டார்கெட், கமிஷன் பற்றிப் பேசலாமா?

மெய்யூரான் | மார்ச் 10, இரவு 9.42

அம்மாவுக்கு வயது 59. குடும்ப பென்ஷன் வாங்குகிறார். போன மாதம் 6 லட்ச ரூபாய் எஃப்.டி. முதிர்ந்தது, புதுப்பிக்க வங்கிக்குப் போனார். எந்த வங்கி என்று யாரும் கேட்க வேண்டாம், சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு வந்தது 4 லட்சத்துக்கு எஃப்.டி. ரசீது, 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீட்டு பாலிசி. வருடா வருடம் 2 லட்சம், ஏழு வருடம் கட்ட வேண்டும். அம்மாவின் மொத்த வருட வருமானமே அதற்குக் கிட்டத்தான் வரும்.

விண்ணப்பத்தைப் பார்த்தேன். தொழில்: விவசாயம். வருட வருமானம்: 8 லட்சம். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தபோது, பாலிசியை விற்ற வங்கிப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்கம்மா, அது சும்மா ஃபார்மாலிட்டி" என்றாளாம். அம்மாவும் சொல்லிவிட்டார்.

நேற்று நேரில் போய்க் கேட்டேன். 24, 25 வயது இருக்கும். சண்டை போடத்தான் போனேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். 1 முதல் 31 வரை கட்டம் போட்டு, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு எண். பாதிக்கு மேல் பூஜ்யம்.

என் சந்தேகம் இதுதான். இது அவள் செய்த தப்பா, அந்தத் தாள் செய்த தப்பா? தொழிலிலும் அரசாங்கத்திலும் டார்கெட், இன்சென்டிவ் என்று வாழ்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற மேலாளர் | மார்ச் 10, இரவு 10.15

தம்பி, விவாதம் அப்புறம். முதலில் பாலிசிப் பத்திரம் கையில் கிடைத்த தேதியைப் பாருங்கள். அன்றிலிருந்து 30 நாள் 'ஃப்ரீ லுக்' காலம். முன்பு 15 நாளாக இருந்தது, 2024-ல் எல்லாருக்கும் 30 ஆக்கிவிட்டார்கள். அதற்குள் எழுத்துமூலம் திருப்பிக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை, அந்தச் சில நாள் காப்பீட்டுச் செலவு, மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இவை போக மீதி வந்துவிடும். வங்கியில் வாய்ச் சொல்லாகக் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், கிளையில் கடிதம் கொடுத்து சீல் வாங்குங்கள்.

இனி உங்கள் கேள்வி. 36 வருடம் வங்கியில் இருந்தேன், கடைசி 11 வருடம் மேலாளராக. தினம் மாலை நாலரைக்கு வட்டார அலுவலகத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு பட்டியல் வரும். எந்தக் கிளை எத்தனை 'லாகின்', அதாவது எத்தனை புதுப் பாலிசி விண்ணப்பம் போட்டது என்று. ஒன்றும் போடாத கிளைக்குச் சிவப்பு வண்ணம். ஆறு மணிக்கு கான் கால், அதாவது எல்லாக் கிளைகளும் சேர்ந்த போன் கூட்டம். "சார், இன்றைக்கு 40 முதியோருக்கு பென்ஷன் சான்று முடித்துக் கொடுத்தோம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது கிடக்கட்டும் சார், நம்பரைச் சொல்லுங்கள்" என்றார்கள்.

இத்தனைக்கும் காப்பீட்டு நிறுவனம் வங்கி ஊழியருக்குப் பணமாகவோ பொருளாகவோ எதுவும் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. கமிஷன் வங்கிக்குப் போகும். ஊழியருக்குக் கிடைப்பது இடமாற்றம் வராமல் இருப்பது, கான் காலில் திட்டு வாங்காமல் இருப்பது. காசு ஆசையைவிட இந்தப் பயம் அதிகம் விற்கும். லாக்கர் கேட்டு வருபவரிடம் "ஒரு பாலிசி எடுத்தால் பார்க்கலாம்" என்று சொன்ன கிளைகளில் என்னுடையதும் ஒன்று. மறைத்து என்ன ஆகப்போகிறது?

---

எதிர்க்காற்று | மார்ச் 10, இரவு 11.03

எல்லாரும் சேர்ந்து டார்கெட்டை வில்லனாக்கும் முன் ஒரு வார்த்தை.

எங்கள் சித்தப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட். டி.வி.எஸ். 50-ல் ஊர் ஊராகச் சுற்றியவர். நம் ஆட்களில் யார் தானாகக் கேட்டு இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள்? "சாவைப் பற்றி வீட்டுக்குள் வந்து பேசாதே" என்று விரட்டியவர்கள் உண்டு. கமிஷன் இல்லையென்றால் அவர் எதற்கு ஒரே வாசலுக்கு ஏழு தடவை போகப்போகிறார்? அப்படிப் போய் எடுக்க வைத்த ஒரு லாரி டிரைவர் மூன்றாம் வருடம் விபத்தில் போனார். அந்த வீட்டுக்கு வந்த பணத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

அப்புறம், 2 லட்ச ரூபாய்க்குக் கையெழுத்துப் போடுகிறவர் படித்துப் பார்த்துப் போட வேண்டாமா? (மெய்யூரான் கோபிக்க வேண்டாம்.)

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 11, காலை 7.20

எதிர்க்காற்று அண்ணே, உங்கள் சித்தப்பா வாங்கிய கமிஷன் அட்டவணையை நினைத்துப் பாருங்கள். நீண்ட கால பாலிசிக்கு முதல் வருடம் பிரீமியத்தில் போனஸ் கமிஷனோடு சேர்த்து 35 சதவீதம். இரண்டாம், மூன்றாம் வருடம் 7.5. அதற்குப் பிறகு 5. பல காலம் இதுதான்.

20,000 ரூபாய் பிரீமியம் என்று வையுங்கள். முதல் வருடம் 7,000, அடுத்த இரண்டு வருடம் 1,500, பிறகு 1,000. பழைய வாடிக்கையாளரை பாலிசியில் தக்கவைத்தால் வருடம் ஆயிரம், புது ஆளைப் பிடித்தால் ஏழாயிரம். உங்கள் சித்தப்பா நல்ல மனிதர், அதனால் இரண்டையும் செய்தார். அட்டவணை அவரைச் செய்யச் சொன்னது ஒன்றைத்தான்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் முன்பு 2.25 சதவீதம் வரை நுழைவுக் கட்டணம் பிடித்து விற்பவருக்குக் கொடுப்பார்கள். 2009 ஆகஸ்டில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அதை ஒழித்தது. நல்ல காரியம். ஆனால் விற்றுக்கொண்டிருந்தவர்கள் காசிக்கா போனார்கள்? யூலிப் பக்கம் போனார்கள். அதுவும் பங்குச் சந்தையில்தான் பணம் போடுகிறது, ஆனால் இன்சூரன்ஸ் என்ற பெயரால் கமிஷன் தாராளம். 2010 ஏப்ரலில் செபி 14 காப்பீட்டு நிறுவனங்களின் யூலிப்புக்குத் தடை போட, காப்பீட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ. "நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம், விற்கலாம்" என்று சொல்ல, இரண்டு கட்டுப்பாட்டு அமைப்புகளும் தெருச்சண்டை போட்டன. கடைசியில் ஜூனில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு யூலிப்பை ஐ.ஆர்.டி.ஏ.விடம் ஒப்படைத்தது. செப்டம்பரில் அவர்களே யூலிப் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். உடனே என்ன விற்பனை ஏறியது தெரியுமா? பழைய எண்டோமென்ட் பாலிசி, முதிர்வில் ஒரு தொகை தரும் சேமிப்பு வகை. கமிஷன் அங்கேதான் மிச்சமிருந்தது.

வாய்க்காலை ஓரிடத்தில் அடைத்தால் தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே போகும்.

---

பால்சங்கம் | மார்ச் 11, காலை 9.05

வங்கிக்காரர்கள் பேசும் இடத்தில் பால்காரனுக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாடத்தை நாங்கள் எப்போதோ படித்துவிட்டோம்.

லிட்டர் கணக்கில் காசு என்றால் பாலில் தண்ணீர் வரும். சரி, லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்போம் என்றால், ஆட்கள் முதலில் ஆடையை எடுத்துவிடுவார்கள். ஆடை எடுத்த பாலின் அடர்த்தி கூடும். அப்புறம் தண்ணீர் ஊற்றினால் அளவு பழையபடி சரியாக நிற்கும். லாக்டோமீட்டர் திருதிருவென்று முழிக்கும். அதனால்தான் கொழுப்பை அளந்து காசு கொடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு போக மீதித் திடப்பொருள்) இரண்டும் பார்த்து விலை.

அதிலும் ஓட்டை இருக்கிறது. கேனை நன்றாகக் கலக்காமல் கரண்டியில் மேலாக மொண்டால் ஃபேட் கூடும், அடியில் மொண்டால் குறையும். செயலாளரின் மச்சான் பாலுக்கு மட்டும் கரண்டி மேலேயே நிற்கும் சங்கங்கள் உண்டு. சிலர் எஸ்.என்.எஃப்.பை ஏற்ற சர்க்கரை போடுவார்கள், இன்னும் மோசமானவர்கள் யூரியாவே போடுவார்கள். அது டெய்ரியில் சோதித்தால் மாட்டும்.

ஆனாலும் ஃபேட் பார்த்துக் காசு கொடுக்க ஆரம்பித்த பிறகு பால் தரம் ஏறியது உண்மை. மாட்டுக்குப் பிண்ணாக்கு வைப்பவனுக்கு அன்றைக்கே நாலு காசு கூடத் தெரிகிறது. அதனால் ஊக்கத்தொகையே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

---

பை தூக்கி | மார்ச் 11, மதியம் 1.48

13 வருடம் மெடிக்கல் ரெப். என் பங்குக்கு.

மாதக் கடைசி வாரம் எங்களுக்கு அமாவாசை மாதிரி. டார்கெட் 12 லட்சம், 28-ம் தேதி 9-ல் நிற்கும். மொத்த மருந்து விற்கும் ஸ்டாக்கிஸ்டிடம் போய் "அண்ணே, மூணு லட்சத்துக்கு பில் போட்டுக்குங்க, பத்தாம் தேதி ரிட்டர்ன் எடுத்துக்கறேன்" என்று கெஞ்சுவேன். மருந்து வேனில் ஏறும், ஸ்டாக்கிஸ்ட் குடோனில் பத்து நாள் தூங்கும், திரும்பி வரும். எந்த நோயாளி வாயிலும் ஒரு மாத்திரைகூடப் போயிருக்காது. ஆனால் எனக்கு இன்சென்டிவ், மேனேஜருக்கு இன்சென்டிவ், அவருக்கு மேலே இருப்பவருக்கு கோவாவில் மீட்டிங். எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் சிஸ்டம்.

டாக்டர்களுக்குக் கொடுப்பது தனிக் கதை. மருத்துவர்கள் கம்பெனிகளிடம் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009-லேயே விதி போட்டுவிட்டது. அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் கம்பெனியின் வாதம், "விதி டாக்டருக்குத்தான், எங்களுக்கு இல்லை, ஆகவே பரிசுச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்வோம்" என்பது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. வாங்குவது குற்றமென்றால் கொடுப்பது மட்டும் எப்படித் தொழில் செலவாகும் என்று கேட்டது. அந்தத் தீர்ப்பில் பட்டியல் இருக்கிறது: தங்கக் காசு, ஃபிரிட்ஜ், எல்.சி.டி. டிவி.

டிவி விலை யார் தலையில் விழுந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

---

எதிர்க்காற்று | மார்ச் 11, மதியம் 2.30

@பை தூக்கி, பத்தாம் தேதி ரிட்டர்ன் என்றால் அடுத்த மாதம் மைனஸில் அல்லவா ஆரம்பிக்கும்?

---

பை தூக்கி | மார்ச் 11, மதியம் 2.41

ஆமாம். அதனால் அடுத்த மாதக் கடைசியில் நாலு லட்சத்துக்கு பில். இப்படியே ஏறி ஏறி ஒருநாள் வேலையை விட்டேன். மீதியை எனக்குப் பின்னால் வந்த பையன் சுமந்தான். பாவம், அவனுக்கு இன்னும் போன் செய்ய எனக்கு முகமில்லை.

---

சாக்பீஸ் | மார்ச் 11, மாலை 6.10

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டீர்களே.

மாநில ரேங்க், மாவட்ட ரேங்க், நூறு சதவீதத் தேர்ச்சி. பிளக்ஸ் பேனருக்காகவே நடந்த பள்ளிகள் எத்தனை! ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடவே மாட்டார்கள். இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடம்தான். பிராய்லர் பள்ளி என்று ஊரே கிண்டல் செய்யும், ஆனால் அட்மிஷனுக்கு வரிசையில் நிற்கும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டு "இவனை வேற ஸ்கூல்ல சேர்த்துடுங்க" என்பார்கள். அந்த அப்பாக்களிடம் சொல்லும் வேலை எனக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். ஒருவர் மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார், ஏதோ பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்து.

அந்தப் பள்ளியின் தேர்ச்சி நூறு சதவீதம். யாரும் பொய் சொல்லவில்லை. தேறமாட்டான் என்று பட்டவன் பட்டியலிலேயே இல்லை, அவ்வளவுதான்.

2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2017-18 முதல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது. பாடத்தைத் தாண்டிக் குதிக்க முடியாமல் போனது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தத் தேர்வை மறுபடி எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பயம் குறைந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கே ப்ளஸ் டூ புத்தகம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 11, இரவு 8.00

இந்த மாதிரிப் பேச்சில் டெல்லி நாகப்பாம்புக் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் பாம்புக்குக் காசு கொடுத்தான், சனங்கள் பாம்பு வளர்த்தார்கள் என்று. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அதற்கு உருப்படியான ஆவணம் கிடையாது. ஆவணம் உள்ளது ஹனோய் எலிக் கதைக்கு. 1902-ல் பிரெஞ்சு அரசு பிளேக்குக்குப் பயந்து, எலி வாலைக் கொண்டுவந்தால் ஒரு சென்ட் என்றது. வால் குவிந்தது. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓட ஆரம்பித்தன. வாலை வெட்டிவிட்டு எலியை விட்டுவிட்டார்கள், அது குட்டி போட வேண்டுமே. ஊருக்கு வெளியே எலிப் பண்ணைகூட வைத்தார்களாம்.

---

மட்டுறுத்துநர் | மார்ச் 11, இரவு 9.15

தேர்தலில் ஓட்டுக்குப் பணம் பற்றிய நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

---

செவிலி மகள் | மார்ச் 12, காலை 6.50

எலியைப் படித்துச் சிரித்தேன், ஆனால் எனக்கு வேறு நினைவு வந்துவிட்டது.

அம்மா கிராம சுகாதார செவிலியர். எண்பதுகளில் 'கேஸ்' என்ற சொல்லைத்தான் வீட்டில் அதிகம் கேட்டிருக்கிறேன். போலீஸ் கேஸ் இல்லை, குடும்பக் கட்டுப்பாட்டு கேஸ். "இந்த மாசம் எத்தனை கேஸ்?" மூன்றாவது பிள்ளை பெற்ற பெண் வீட்டுக்கு அம்மா திரும்பத் திரும்பப் போவார். பக்கத்து ஊர் செவிலியர் அதே பெண்ணைத் தன் கணக்கில் காட்ட ஜீப்போடு வருவார். ஒரு பெண்ணுக்காக இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அம்மா கெட்டவர் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவத்துக்கு லாந்தரோடு போனவரும் அவர்தான். ஆனால் பிரசவத்துக்குக் கட்டம் கிடையாது, கேஸுக்குத்தான் கட்டம்.

நெருக்கடி நிலைக் காலத்தில் வடக்கே நடந்தது நாடறிந்தது. வாத்தியார், வருவாய் ஊழியர் எல்லாருக்கும் எண்ணிக்கை நிர்ணயம், கொண்டுவராவிட்டால் சம்பளம் நிற்கும். 1976-77 ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சை. கல்யாணம் ஆகாதவர்களையும் கிழவர்களையும்கூட விடவில்லை. மத்திய அரசு இந்த டார்கெட் முறையைக் கைவிடுவதாக 1996-ல் அறிவித்தது.

அறிவித்தால் போய்விடுமா? 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மருந்தில் கலப்படமா, கிருமித் தொற்றா என்று பிறகு சர்ச்சை. அந்த டாக்டர் அதற்கு முன்பு அறுவை எண்ணிக்கைக்காகவே மாநில அரசிடம் பாராட்டு வாங்கியவர்.

பெண்களுக்கு 1,400 ரூபாய் கொடுத்தார்களாம். அந்தக் காசை விட்டுவிட முடியாத வீட்டுப் பெண்கள்தான் அந்த வரிசையில் படுத்திருந்தார்கள்.

---

எதிர்க்காற்று | மார்ச் 12, காலை 10.30

சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் கேட்கிறேன். எதையும் அளக்கவே வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் யார் வேலை செய்வார்கள்? அதே கிராமங்களில் சத்துணவுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்களே, அதுவும் ஊக்கம்தானே?

---

செவிலி மகள் | மார்ச் 12, காலை 11.12

ஊக்கம்தான் அண்ணா. ஆனால் சோறு பிள்ளையின் வயிற்றுக்குப் போனது. பிடித்து வந்த வாத்தியாருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருகைப் பதிவேட்டில் மட்டும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

---

ஓய்வுபெற்ற மேலாளர் | மார்ச் 12, மாலை 4.00

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அம்மா.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுத் திட்டங்களாவது விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களை நீக்கியிருந்தார்கள். நாலைந்து பேர் செய்தால் அவர்கள் அயோக்கியர்கள். ஐயாயிரம் பேர் செய்தால்? முதலில் "கெட்ட ஊழியர்கள்" என்றுதான் பேசிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் தலைமை அதிகாரியே விலக வேண்டியதாயிற்று. 2020-ல் இன்னொரு 300 கோடி டாலர்.

மெய்யூரான் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தத் தாள். ஆனால் தாளுக்குக் கை கிடையாது, எழுதியவருக்குக் கை உண்டு. அவர் கிளைக்கு வருவதே இல்லை, உங்கள் அம்மா முகத்தை அவர் பார்த்ததே இல்லை. என் 11 வருடத்தில் ஒரு முறையாவது "போன வருடம் விற்ற பாலிசியில் எத்தனைக்கு இரண்டாம் தவணை வந்தது?" என்று கான் காலில் கேட்டிருந்தால், நான் லாக்கர் விஷயத்தில் வேறு மாதிரி நடந்திருப்பேன். காப்பீட்டுத் துறையில் அதற்கு 13-வது மாத பெர்சிஸ்டென்சி என்று ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். எங்கள் கான் காலுக்கு மட்டும் அது வந்ததில்லை.

---

பை தூக்கி | மார்ச் 12, மாலை 4.22

சார், அதைக் கேட்டால் இரண்டாம் தவணையை ஏஜென்டே தன் கையிலிருந்து கட்டிவிடுவார். எங்கள் பெரியப்பா கட்டியிருக்கிறார்!

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 12, மாலை 5.05

கட்டட்டுமே. தன் கைக்காசைப் போட வேண்டும் என்றால் அடுத்த தடவை யாரிடம் விற்கிறோம் என்று பார்ப்பார். 2024 அக்டோபரில் சரண்டர் விதியை, அதாவது பாலிசியைப் பாதியில் விட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்ற விதியை மாற்றி, ஒரு வருடம் கட்டி நிறுத்தினாலும் கொஞ்சம் திரும்ப வரும்படி செய்தார்கள். அதையொட்டி எல்.ஐ.சி. முதல் வருடக் கமிஷனைக் குறைத்துப் புதுப்பிப்புக் கமிஷனைக் கூட்டியது. ஏஜென்டுகள் போராட்டம்கூட நடத்தினார்கள். பாதி வழிதான், ஆனால் திசை சரி.

---

மெய்யூரான் | மார்ச் 29, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பத்திரம் கைக்கு வந்தது மார்ச் 4. கணக்குப்படி ஏப்ரல் 3 கடைசி நாள். நான் ஊருக்குப் போய்க் கடிதம் எழுதிக் கொடுப்பதற்குள் அலுவலக வேலை இழுத்துவிட்டது. நேற்று அந்தப் பெண் அம்மாவுக்கு போன் செய்திருக்கிறாள். எப்படியோ தெரிந்துவிட்டது. "அம்மா, கேன்சல் பண்ணுங்க, நான் வேணாங்கல. ஆனா இந்த மாசம் கேன்சல் ஆனா என் கணக்குல மைனஸ் ஆயிடும். ஏப்ரல் ரெண்டாம் தேதி கொடுங்கம்மா" என்று அழாத குறையாகக் கேட்டாளாம்.

அம்மா யோசித்திருக்கிறார். எனக்கு போன் போட்டு "பாவம்டா, நாலஞ்சு நாள்தானே" என்றார். ஏப்ரல் 2-ம் தேதி சர்வர் மெதுவாக இருந்தால், 3-ம் தேதி மேலாளர் லீவில் இருந்தால் என்ன ஆகும் என்று நான் கத்தினேன். மேலாளர் ஐயா சொன்னபடி மின்னஞ்சலை நேற்று இரவே அனுப்பிவிட்டேன். இன்று காலை அம்மாவே போய்க் கடிதம் கொடுத்து சீல் வாங்கி வந்தார். பணம் இன்னும் வரவில்லை, வரும் என்று பதில் வந்திருக்கிறது.

சீல் வாங்கிய கையோடு அம்மா அந்தப் பெண்ணிடம் போய், "உனக்கு ஏதோ நம்பர் வேணுமாமே" என்று சொல்லி மாதம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பித்திருக்கிறார். என்னிடம் கேட்கவே இல்லை.

ஆர்.டி. அந்தத் தாளில் வராதாம்.

---

ஓய்வுபெற்ற மேலாளர் | மார்ச் 29, இரவு 9.51

வராது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை.